பார்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள்

ஆளையும் சரக்கையும் ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்கச் செய்யப்பட்ட ஒரு பொறிக்கு, அந்த வேலைக்கு எவ்வகையிலும் உதவாத உருவத்தையும் வண்ணத்தையும் ஒலியையும் ஏற்றுவதற்கு மனிதர்கள் ஏன் இவ்வளவு பணமும் உழைப்பும் செலவிடுகிறார்கள் என்ற கேள்வி மோட்டார் வாகனத்தைவிட மூத்தது. தேருக்கும் பல்லக்குக்கும் படகுக்கும்கூட அது பொருந்தும். 1960-களில் ராக் இசைக்கலைஞர்கள் தங்கள் கார்களின்மேல் ஓவியம் தீட்டச் செய்தபோது அக்கேள்வி புதுக் கூர்மை பெற்றது. அதன்பின் விசித்திரக் கார்களை ராக் இசையின் கிளைப்பொருளாகவே காணும் பார்வை பரவலாக வேரூன்றியது. இந்தியச் சான்றுகளையும், குறிப்பாகத் தமிழகச் சான்றுகளையும் உடன்வைத்துப் பார்க்கும்போது அந்த வரலாறு அத்தனை நேர்க்கோட்டில் அமைந்ததாகத் தெரியவில்லை.

கேள்வியின் எல்லை

தொழிற்சாலை தந்த வடிவத்தை விட்டு, ஒருவருடைய விருப்பத்துக்கேற்ப உருமாற்றப்பட்ட வண்டியைக் ‘கஸ்டம்’ வண்டி என்பர். அந்த உருமாற்றம் ஓட்டத்தைவிடப் பார்வைக்கே முதலிடம் தருமானால் அது காட்சி வண்டி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள கச்சிராயபாளையத்தில், கள்ளக்குறிச்சியின் இரண்டாம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்குகிறது. கரும்பு விளையும் இத்தகைய வட்டாரங்களில் அரவைப் பருவத்தில் ஆலைச் சாலைகளில் செல்லும் டிராக்டர்களில், மட்கார்டுக்கு மேலே பொருத்திய ஸ்பீக்கர்களும், மேற்கூரையின் விளிம்பில் ஓடும் வண்ண சீரியல் விளக்குகளும், முகப்பில் பிள்ளைகளின் பெயர்களும், கீழே தொங்கும் குஞ்சங்களும் கொண்டவை அரியன அல்ல. அவை கரும்பு லோடு ஏற்றும் வண்டிகள்தாம். கண்காட்சிக்கு ஒருபோதும் போகாதவை. ஆயினும் இரவில் அரை மைல் தொலைவிலேயே பாட்டாலும் விளக்காலும் தங்களை அறிவித்துக்கொள்ளும் அவை காட்சி வண்டி என்ற வகைக்குள் வருமா வராதா என்பதை எந்த விளக்கமும் எளிதில் முடிவுசெய்துவிட முடியாது. இக்கட்டுரை எல்லையைச் சற்று அகலமாகவே வைத்துக்கொள்கிறது.

கலகம் என்னும் விடை

மிகுதியாகச் சொல்லப்படும் விடை இது: போருக்குப் பிந்தைய ஒழுங்கான, சாம்பல் நிற வாழ்க்கைக்கு எதிராக இளைஞர் எழுப்பிய குரலே ராக் இசை, அதே குரல் கார்மேல் வண்ணமாக ஏறியது. இதற்கான சான்றுகளும் புகழ்பெற்றவை. எழுத்தாளர் கென் கீசியும் நண்பர்களும் 1964-இல் ஒரு பழைய பள்ளிப் பேருந்தை வாங்கி, கண்டபடி வண்ணம் பூசி அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தனர். ஜான் லெனான் தம் ரோல்ஸ்-ராய்ஸ் ஃபேன்டம் ஐந்துக்கு, ஐரோப்பிய நாடோடிகளான ரோமானி மக்களின் கூண்டு வண்டிகளை நினைவூட்டும் சுருள் பூக்களையும் ராசிச் சின்னங்களையும் மஞ்சள் பின்னணியில் 1967-இல் தீட்டச் செய்தார். அரச குடும்பத்துக்குரிய காரை இப்படிப் பாழாக்கலாமா என்று லண்டன் தெருவில் ஒரு மூதாட்டி அதைக் குடையால் அடித்ததாக ஒரு கதை உண்டு. ஜானிஸ் ஜாப்ளின் 1968-இல் பழையதாக வாங்கிய போர்ஷே காரை, அவருடைய இசைக்குழுவோடு பயணம் செய்த உதவியாளர் டேவ் ரிச்சர்ட்ஸ் ஓர் அண்ட வரலாறாகவே தீட்டினார். ஜார்ஜ் ஹாரிசனின் மினி காரில் இடம்பெற்றவையோ இந்திய யந்திர, மந்திர உருவங்கள். அஜித் முகர்ஜி 1966-இல் வெளியிட்ட தாந்திரிகக் கலை நூலிலிருந்து அவை எடுக்கப்பட்டன.

பண்பாட்டு ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1979-இல் எழுதிய நூல் இந்த விடைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. அன்றாடப் பொருள்களைப் பிடுங்கி, அவற்றுக்கு வேறு பொருள் ஏற்றி, ஆளும் ஒழுங்கைச் சீண்டுவதே இளைஞர் உட்பண்பாடுகளின் வழி என்றும், சந்தை அந்தச் சீண்டலை விரைவில் விழுங்கிவிடும் என்றும் அவர் வாதிட்டார்.

இவ்விடையின் முதல் பலவீனம் காலவரிசை. கலிஃபோர்னியாவின் கஸ்டம் கார்க் கலைஞர்களான ஜார்ஜ் பாரிஸையும் எட் ராத்தையும் பற்றி டாம் வுல்ஃப் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1963-இல், அதாவது பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்க மண்ணில் கால்வைப்பதற்கு முன்பே, வெளிவந்தது. இரண்டாவது பலவீனம் வணிகம். ‘மங்கீஸ்’ குழுவுக்காக டீன் ஜெஃப்ரிஸ் 1966-இல் செய்த கார், ஒரு தொலைக்காட்சித் தொடருக்காகத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட பொருள்; சந்தை அதை விழுங்கவில்லை, ஈன்றது. மூன்றாவது, வர்க்கம். ரோல்ஸ்-ராய்ஸ் காரைச் சிதைக்க முதலில் ரோல்ஸ்-ராய்ஸ் வாங்க வேண்டும். கலகம் என்பதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது செல்வந்தரின் கலகமாக இருந்த அளவுக்கு, அடுத்த விடையிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம்.

பகட்டு என்னும் விடை

செலவை மறைக்காமல் காட்டுவதே உயர்குடியின் அடையாளம் என்று பொருளியலாளர் தார்ஸ்டைன் வெப்லன் 1899-இல் எழுதினார். எல்விஸ் பிரெஸ்லிக்காக ஜார்ஜ் பாரிஸின் பட்டறை உருமாற்றிய 1960-ஆம் ஆண்டுக் கேடிலாக், வெப்லனுக்கு உதாரணமாகவே செய்தது போன்றது: வெளியில் முத்தொளிப் பூச்சு, உள்ளே தங்க முலாம் பூசிய பொருத்துக்கள். பின்னர் எல்விஸ் இல்லாமலே அந்தக் காரை மட்டும் இசைத்தட்டு நிறுவனம் ஊர் ஊராகக் காட்சிக்கு அனுப்பியது. உற்சவரைச் சுமந்து வருவதற்காக வாகனத்தைச் செய்யும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு, உற்சவர் வராமல் வாகனம் மட்டும் வீதியுலா போவது வேடிக்கையாகத் தோன்றக்கூடும்.

ஆனால் இவ்விடைக்கு மிகச் சிறந்த சான்று அமெரிக்காவில் இல்லை, கல்கத்தாவில் இருந்தது. அங்கே வாழ்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் நிக்கல் மேத்யூசனுக்காக, இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரத்து ஜே. டபிள்யூ. புரூக் நிறுவனம் 1910-இல் ஒரு காரைச் செய்து தந்தது. அதன் முன்பாதி ஒரு பெரிய அன்னப்பறவை. அலகிலிருந்து நீராவி சீறும். கண்களில் மின்விளக்கு எரியும். வண்டியின் பின்புறத்திலிருந்து பறவையின் எச்சம் போலச் சுண்ணாம்பு நீரைச் சாலையில் வழியவிட ஒரு வால்வு உண்டு. இசை வரலாற்றுக்கு முக்கியமானது அதன் ஹாரன்: என்ஜின் வெளியேற்றும் புகையின் விசையால் இயங்கும் எட்டுக் குழல்களை விசைப்பலகை கொண்டு வாசிக்கும் அமைப்பு அது. ராக் என்ற பெயரே பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், இந்திய நகரமொன்றின் வீதியில் ஒரு கார் சுரம் எழுப்பிக்கொண்டு போயிருக்கிறது. தெருவில் ஏற்பட்ட குழப்பத்தால் காவல்துறை அதைத் தடுத்தது. பின்னர் அது நாபா அரசரின் கைக்குப் போனது. இப்போது நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலுள்ள லோமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அலங்காரம் வீணான உழைப்பு என்ற தம் புகழ்பெற்ற வாதத்தைக் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் வியன்னாவில் முன்வைத்ததும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான் என்பது ஒரு சுவையான தற்செயல்.

பகட்டு என்ற விளக்கம் மகாராஜாக்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. தவணை கட்டி வாங்கிய டிராக்டரில் விளக்கு மாட்டும் ஓட்டுநருக்கு வரும்போது அது தடுமாறுகிறது. அவரிடம் காட்டுவதற்குச் செல்வம் இல்லை. பல நேரங்களில் வண்டியே அவருடையதன்று.

மரபுத் தொடர்ச்சி என்னும் விடை

தெற்காசியச் சான்றுகளைக் கையாள்பவர்கள் இயல்பாகவே மூன்றாவது விடைக்கு வருகின்றனர். வாகனத்தை உருவமாக்குவது இங்கே புதியதன்று. அன்னம், மயில், குதிரை, யாளி, யானை என்று கோவில் வாகனங்கள் அனைத்துமே, பயணத்துக்கு அன்றிப் பார்வைக்காக உருவெடுத்தவை. அவை நாகசுரமும் தவிலும் முன்செல்லாமல் புறப்படுவதில்லை. கள்ளக்குறிச்சிப் பகுதியின் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் இக்கலை நிலைபெற்றிருக்கிறது. மரத்தேரின் அடுக்குகளில் சிற்பம் பதிக்கும் பண்பாட்டுக்கும், அதே மாவட்டத்துச் சாலையில் மின்விளக்குத் தோரணத்தோடு ஓடும் வண்டிக்கும் உறவு இருக்கலாம் என்று ஊகிப்பது தவறாகாது. டிராக்டர் டிரெய்லரின்மேல் மூங்கிலும் பலகையும் கட்டி, சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் பொருத்தி, சுவாமி ஊர்வலத்துக்கான மின்னலங்கார ரதமாக்கும் வழக்கம் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணியாகவே நிற்கிறது.

கோட்பாட்டு அளவில் இதற்குத் துணை நிற்பவர் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அவர், அலங்காரம் பற்றி 1939-இல் எழுதிய கட்டுரையில், மரபுச் சமூகங்களில் அணி என்பது பொருளின்மேல் ஒட்டப்பட்ட மிகை அன்று, அப்பொருள் தன் வேலையைச் செய்யத் தேவையான நிறைவு என்று வாதிட்டார். லோஸுக்கு இதைவிட நேரான மறுப்பு இருக்க முடியாது. மானிடவியலாளர் ஆல்ஃபிரட் ஜெல் 1992-இல் வேறொரு திசையிலிருந்து ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்தார்: பசிபிக் தீவுவாசிகள் தங்கள் படகின் முகப்பில் செதுக்கும் பலகை, எதிரே நிற்கும் வணிகக் கூட்டாளியைக் கண்கூசச் செய்து நல்ல விலையை விட்டுக்கொடுக்கவைக்கும் ஒரு கருவி என்றார் அவர்.

இவ்விடையின் கவர்ச்சியே அதன் ஆபத்து. தேரும் டிராக்டரும் ஒன்றுபோல் தோன்றுவதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்றாகிவிடாது. மரச்சிற்பிகளே வண்டி ஓவியர்களாக மாறினார்கள் என்றோ, அவர்களிடம் இவர்கள் தொழில் பழகினார்கள் என்றோ காட்டும் சான்று தேவை. உருவ ஒப்புமை மட்டும் போதாது. பாகிஸ்தான் லாரிகளை விரிவாக ஆராய்ந்து ஜமால் எலியாஸ் 2011-இல் வெளியிட்ட நூல், அங்குள்ள அலங்காரத்தில் சமயம், ஊர்ப்பற்று, ஓட்டுநரின் தன்னடையாளம் எனப் பல இழைகள் பின்னியிருப்பதைக் காட்டியது. தமிழக வண்டிகளுக்கு அத்தகைய உழைப்பு இன்னும் வாய்க்கவில்லை.

சேசிஸும் பாடியும்

மேற்கண்ட மூன்று விடைகளும் மனத்தை விளக்குகின்றன, பட்டறையை விளக்குவதில்லை. ஒருவர் எவ்வளவு விரும்பினாலும், வண்டியின் கட்டமைப்பு இடம்தந்தால்தான் அதை உருமாற்ற முடியும். இந்தக் கோணம் போதிய கவனம் பெறாதது வியப்புக்குரியது. ஏனெனில் பல புதிர்களுக்கு விடை இங்கேதான் கிடைப்பதாகத் தோன்றுகிறது.

பழைய மோட்டார் வண்டி இரண்டு பகுதிகளால் ஆனது. அடியில் என்ஜினும் சக்கரங்களும் தாங்கும் இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ்; அதன்மேல் தனியே கட்டப்படும் பாடி. இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற நிறுவனங்கள் நெடுங்காலம் சேசிஸை மட்டுமே விற்றன; பாடியை வேறொரு பட்டறை கட்டித்தரும். அன்னப்பறவைக் கார் அதனால்தான் சாத்தியமாயிற்று. அமெரிக்காவிலோ, மலிவாகக் கிடைத்த 1930-களின் பழைய ஃபோர்டு கார்களின் தனிச்சட்டமே கஸ்டம் கலையின் மண். எட் ராத் அத்தகைய தனிச்சட்டங்களின்மேல் கண்ணாடி இழையில் வார்த்த, எந்தத் தொழிற்சாலையும் கனவுகாணாத உடல்களைப் பொருத்தினார். இசட் இசட் டாப் குழுவின் 1983-ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையில் இடம்பெற்ற சிவப்புக் கார், 1933-ஆம் ஆண்டு ஃபோர்டு ஒன்றின் மறுபிறவி. அதே குழுவின் பில்லி கிப்பன்ஸுக்காக பாய்ட் காடிங்டன் பட்டறை 1989-இல் முடித்துத்தந்த ‘கேட்ஜில்லா’வோ 1948-ஆம் ஆண்டுக் கேடிலாக்கில் தொடங்கியது. ராக் இசைக்குப் பழைய கார் தேவைப்பட்டதில் ஏக்கத்துக்குப் பங்கு உண்டு. இரும்புச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

பிற்காலக் கார்களில் சட்டமும் உடலும் ஒரே கூடாக இணைந்துவிட்டன. அந்தக் கூட்டின் ஒரு தகட்டை வெட்டினாலும் முழு வண்டியின் வலு குறையும். இந்தியாவில் கஸ்டம் கார் கலாசாரம் பரவாமல் போனதற்கு இதனோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது: அம்பாசிடர், ஃபியட், சென்னையருகே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு என விரல்விட்டு எண்ணத்தக்க கார்களே இருந்த காலத்தில், பதிவுசெய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற வண்டியை வெட்டிப் பார்க்க எவருக்கும் மனம் வராது. 1970, 1971-ஆம் ஆண்டுகளின் ‘சிம்லா பீட்’ போட்டிகளில் சென்னையின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’ போன்ற குழுக்கள் மேடையேறின. இங்கே ராக் இசை இருந்தது. அது ஏறி அமர்வதற்கு மலிவான பழைய கார்தான் இல்லை.

ஆனால் லாரியிலும் பேருந்திலும் சேசிஸும் பாடியும் பிரிந்தே இருந்தன. உரிமையாளர் சேசிஸை வாங்கி, பேருந்தானால் கரூரிலும், லாரியானால் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளிலும் விட்டுப் பாடி கட்டுவார். வண்ணம், முகப்பின் வளைவு, கண்ணாடிக்கு மேலே எழுதும் பெயர், உள்ளே ஸ்பீக்கர்கள் அமையும் இடம் ஆகியவற்றை அவரும் பட்டறைக்காரரும் பேசித் தீர்மானிப்பார்கள். அமெரிக்க இளைஞனுக்குப் பழைய ஃபோர்டு தந்த சுதந்திரத்தைத் தமிழ்நாட்டில் புதிய லாரி தந்தது. இங்கே அலங்காரம் தனியார் காரை விட்டு, உழைக்கும் வண்டிகளில் குடியேறியதற்கு மரபைவிட இதுவே வலுவான காரணமாக இருக்கக்கூடும். பாட்டும் அதற்கேற்ப அமைந்தது: ராக் ரசிகரின் தனிக்குரலுக்குப் பதிலாக, ஐம்பது பயணிகளும் ஒன்றாகக் கேட்கும் திரைப்பாடல். மினிபஸ்களில் இளையராஜா பாடல்கள் பெற்ற இடம் அனைவரும் அறிந்ததே.

விளையாட்டும் திரையும்

இந்தியாவில் விசித்திர வடிவக் கார்களுக்கென ஓர் அருங்காட்சியகமே உண்டு. ஹைதராபாத்தில் சுதாகர் யாதவ் 2010-இல் திறந்த சுதா கார்ஸ் அருங்காட்சியகத்தில் கத்திரிக்காய், கிரிக்கெட் மட்டை, பர்கர், குதிகால் செருப்பு, கேமரா எனப் பல உருவங்களில் ஓடக்கூடிய வண்டிகள் இருக்கின்றன. 2005-இல் அவர் செய்து ஓட்டிய, 12 மீட்டருக்கும் மேல் உயரமான மூன்று சக்கர மிதிவண்டி கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. 2020-இல் கொரோனா கிருமியின் வடிவிலும் ஒரு கார் செய்தார். கலகம், பகட்டு, மரபு என்ற மூன்றில் எதுவும் இவற்றுக்குப் பொருந்தவில்லை. செய்திக்கும் சிரிப்புக்கும் உரிய இவை, ஒரு கைவினைஞரின் பிடிவாதமான விளையாட்டு என்பதே பொருத்தமான விளக்கம்.

அமெரிக்காவில் ராக் இசை வகித்த இடத்தை இங்கே திரைப்படம் வகிக்கிறது என்ற கருத்துக்கு 2024 ஒரு நல்ல சான்றை அளித்தது. ‘கல்கி 2898 ஏடி’ படத்துக்காக மஹிந்திரா நிறுவனமும் கோயம்புத்தூரின் ஜெயம் நிறுவனமும் சேர்ந்து, ஏறத்தாழ 6 டன் எடையுள்ள ‘புஜ்ஜி’ என்ற மின்வண்டியைச் செய்தன. முன்னால் இரு பெரிய சக்கரங்கள், பின்னால் உருண்டையான ஒன்று. படம் வெளிவருவதற்கு முன்பே அது பல நகரங்களில் காட்சிக்கு வந்தது. நட்சத்திரத்துக்கு முன்பாக வண்டி ஊர்வலம் வந்த இந்நிகழ்வு, எல்விஸின் கேடிலாக்கை அப்படியே ஒத்தது. அதில் கலகமும் இல்லை, தனியொருவரின் கையெழுத்தும் இல்லை.

சட்டத்தின் பார்வை

மேலே கண்ட எந்த வேறுபாட்டையும் சட்டம் பொருட்படுத்துவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளித்தது. 1989-ஆம் ஆண்டு விதிகளின் 119-ஆம் விதியோ, ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹாரனையே விலக்குகிறது. கல்கத்தா அன்னம் இன்று ஓடினால் இந்த ஒரு விதியே அதை நிறுத்திவிடும்.

சட்டத்தின் பக்கமும் நியாயம் உண்டு. கேரளத்தில் லேசர் விளக்கும் அதிரும் ஸ்பீக்கர்களும் கொண்ட சுற்றுலாப் பேருந்துகள் பெரும் ரசிகர் கூட்டத்தையே கொண்டிருந்தன; 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்த விபத்துக்குப் பின், எல்லாச் சுற்றுலாப் பேருந்துகளும் வெள்ளை நிறத்துக்கு மாற வேண்டுமென்ற ஆணை கண்டிப்புடன் அமலுக்கு வந்தது. அவ்விபத்தில் பேசப்பட்ட முதன்மைக் காரணம் வேகம். வண்ணத்துக்கும் வேகத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை அந்த ஆணை எழுப்பியது, விடை சொல்லவில்லை. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கையும், பக்கவாட்டில் எழுதிய பெயரையும் ஒரே குற்றமாகக் காண்பது இச்சட்டங்களின் பொதுவான குறை. இலங்கையிலும் 2025 தொடக்கத்தில் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த கூடுதல் அணிகளைக் காவல்துறை அகற்றத் தொடங்கியபோது இதே விவாதம் எழுந்தது.

தீராதவை

ராக் இசையே இக்கலையின் தாய் என்ற கருத்தை இனி ஏற்பது கடினம். ராக் புதிதாகக் கொண்டுவந்தது அலங்காரத்தை அன்று. கடவுளுக்கோ அரசருக்கோ நிறுவனத்துக்கோ உரியதாக இருந்த காட்சியுரிமையைத் தனியொருவர் தன் பெயரில் எடுத்துக்கொண்டதே அதன் பங்கு என்று கருத இடமிருக்கிறது. தமிழக வண்டிகளில் அந்தத் தனியொருவர் யார் என்பது தெளிவாக இல்லை. முதலாளி பணம் தருகிறார். பட்டறை ஓவியர் வரைகிறார். ஓட்டுநர் பாட்டைத் தேர்கிறார். இம்மூவரில் எவருடைய வெளிப்பாடு அது என்பது விரிவான களஆய்வின்றித் தீராது.

மரபுத் தொடர்ச்சி பற்றிய வாதத்தைச் சோதிப்பதும் இப்போதைக்கு அரிது. லாரியும் பேருந்தும் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்குப் போகுமுன் புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்படுகின்றன. எட்டு ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இது ஆண்டுதோறும் நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய ஓவியம் புதிய பூச்சுக்கு அடியில் மறைகிறது. ஜாப்ளினின் போர்ஷே 2015-இல் 17.6 லட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று. 1970-களின் நாமக்கல் லாரி ஓவியத்தை அதே கவனத்தோடு பாதுகாக்க எந்த ஏற்பாடும் இருந்ததில்லை. கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீடு தச்சனின் உளியைத்தான் காக்கும். வண்டி ஓவியரின் தூரிகை அதன் வரம்புக்குள் வராது.

மின்வாகனங்கள் பட்டறை சார்ந்த வாதத்தை வேறு திசையில் திருப்பக்கூடும். பேட்டரியையும் மோட்டாரையும் தட்டையான ஓர் அடித்தட்டில் அடக்கி, மேலே வெவ்வேறு உடல்களைப் பொருத்தும் அமைப்பு சில தயாரிப்பாளர்களிடம் தோன்றியிருக்கிறது. சேசிஸும் பாடியும் மீண்டும் பிரிகின்றன. பொறியியல் அளவில், அன்னத்தையோ யாளியையோ ஒரு காரின்மேல் ஏற்றுவது முன்னைவிட எளிதாகலாம். ஆனால் பாதுகாப்புச் சோதனை முழு வண்டிக்கும் சேர்த்தே நடத்தப்படுவதால், உடலை மட்டும் மாற்றும் சிறு பட்டறைக்கு அனுமதி எவ்வழியில் கிடைக்கும் என்பதற்கு இன்றைய விதிகளில் தெளிவான இடம் இல்லை.